கண்டிப்பா? கலகலப்பா?

நடுவர் அவர்களே, மஞ்சக்குப்பத்துப் பெரியோர்களே, வணக்கம். ‘நோயாளியைத் தேற்றுவது மருத்துவரின் கண்டிப்பா, கலகலப்பா?’ என்பது தலைப்பு. நான் கலகலப்பின் பக்கம்.

எதிரணி நண்பர் திருவதிகைக்கே போய்விட்டார். சமண மடத்தில் இருந்தபோது சூலை என்னும் கொடிய வயிற்றுவலியில் துடித்த அப்பர் ஆள் அனுப்பியபோது, ‘சமண மடத்துக்கு வரமாட்டேன்’ என்று திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியார் கண்டிப்பாகச் சொன்னாராம். சரி, ஒப்புக்கொள்கிறேன். தம்பி காலில் வந்து விழுந்த பிறகு என்ன செய்தார்? திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். கதையைப் பாதியில் நிறுத்தினால் எப்படி, ஐயா?

இனி நம் ஊர் நோய்க்கு வருகிறேன். சர்க்கரை. பக்கத்திலேயே பண்ருட்டி வேறு! பலாப்பழ சீசனில் முறைத்துப் பார்க்கும் டாக்டர் ‘பழம் சாப்பிட்டீங்களா?’ என்றால், ‘வாசனைகூட பிடிக்கல சார்’ என்பார் நம் ஆள். இரண்டு நாள் வாயைக் கட்டிவிட்டுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பார். ஆனால் ஹெச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை இருக்கிறதே, அது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைப் பார்ப்பது. சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறத்தாழ 120 நாள். மூன்று மாதத் திருட்டும் அதில் தெரிந்துவிடும். சரி, பிடிபட்டார். அப்புறம்? டாக்டர் திட்டுவார், மாத்திரையைக் கூட்டுவார். இவர் அடுத்த தடவை அந்தப் பக்கமே போகமாட்டார்.

அதே ரிப்போர்ட்டைப் பார்த்து இன்னொரு டாக்டர், ‘பழம் உங்க வீட்டுக்கு வந்துச்சா, நீங்களே தோப்புக்குக் குடிபோயிட்டீங்களா?’ என்று கேட்கட்டும். நோயாளி சிரித்துவிடுவார். சிரித்த வாயால் பொய் சொல்வது கஷ்டம். ‘தினமும் பத்து சுளை சார். ராத்திரி மாத்திரையும் போடல, போட்டா வயித்தைப் புரட்டுது.’ அந்தக் கடைசி வரிதான் ஐயா, வைத்தியத்துக்கு வேண்டிய செய்தி! எந்த ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லும்?

அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் நார்மன் கசின்ஸ், பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976இல் எழுதினார். அது ஒருவருடைய அனுபவம்தான். சிரிப்பு நோயை அறுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் ரிப்போர்ட்டை நீட்டும்போது ஜோக் அடிப்பவரும் எங்கள் அணி ஆள் இல்லை.

‘தையல் போட்ட வயிறோடு சிரிக்கலாமா?’ என்று நண்பர் மடக்கினார். வலிக்கும், உண்மை. இருமல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் நர்சுகள். பாருங்கள், சிரிக்காதே என்று சொல்லவில்லை, தலையணை கொடுக்கிறார்கள்!

நடுவர் கை மணிப்பக்கம் போகிறது. ஒன்றே ஒன்று. கண்டிப்புக்கு வாதாட வந்த நண்பர் மூன்று ஜோக் சொல்லித்தான் கைதட்டல் வாங்கினார். அதையும் எங்கள் அணிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.