பொத்தானைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. மெட்டல் டிடெக்டர் என்றதும் மதுரைக்காரர்களுக்கு மீனாட்சியம்மன் கோயில் வாசல் சோதனைதான் ஞாபகம் வரும். ஆனால் பழைய பட்டாளத்துச் சீருடைப் பொத்தான் கிடைக்க அந்தக் கருவி வேண்டும் என்றில்லை; உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் தானாகவே தலைகாட்டும். 1763, 64இல் கம்பெனிப் படையும் நவாப் படையும் மதுரைக் கோட்டைக்குள் இருந்த யூசுப்கானை முற்றுகையிட்ட ஊர் அல்லவா இது!

கையில் ஒன்று சிக்கினால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். முகப்புச் சின்னம் தேய்ந்து போயிருக்கும்; பின்னால், நூல் கோக்கும் வளையத்தைச் சுற்றி, தயாரித்தவர் பெயர் பெரும்பாலும் தப்பியிருக்கும். 'ஃபிர்மின், லண்டன்' என்றிருந்து தெருப்பெயரும் சேர்ந்திருந்தால் யோகம்தான். அவர்கள் அவ்வப்போது கடையை மாற்றியவர்கள். முகவரியை வைத்தே காலத்தை நெருங்கிவிடலாம்.

அப்புறம் உலோகம். பிரிட்டிஷ் காலாட்படையில் சாதாரணச் சிப்பாய்க்கு 1855 வரை மங்கலான வெள்ளீயக் கலவைப் பொத்தான், பிறகு பித்தளை. நடுவில் ரெஜிமென்ட் எண் இருக்கும். 1871இல் அந்த எண்ணும் போய், எல்லோருக்கும் பொதுவாக அரச சின்னம் வந்தது. அசோகச் சிங்கம் தெரிந்தால் 1950க்குப் பிந்தியது. நம் ராணுவம் கிரீடத்தைக் கழற்றியது அப்போதுதான். காக்கிச் சட்டையெல்லாம் பட்டாளம் ஆகாது. போலீஸ், ரயில்வே, ஏன், கல்யாண ஊர்வலத்து பேண்டு செட்டுக்காரரின் பொத்தானாகவும் இருக்கலாம்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. முலாம் பூசிய பொத்தான் என்றால் மிச்சமிருக்கும் தங்கப்பூச்சு முதல் தேய்ப்பிலேயே போய்விடும், எழுத்தும் மழுங்கும். காயவிட்டு, மூங்கில் குச்சி முனையால் மண்ணை மெதுவாக நெம்பி எடுத்தால் போதும். வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது சாதாரணக் களிம்பு அல்ல, உலோகத்தைத் தின்னும் அரிப்பு. மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் ஈரம் படாத டப்பாவில் தனியாக வையுங்கள்.

கிடைத்த இடத்தை அன்றைக்கே எழுதி வையுங்கள். வெளிவீதிகளில் கிடைத்தது என்றால் ஆழத்தை நம்பி வயது சொல்ல முடியாது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அங்கே மேல்மண் கீழே போயிருக்கும். நம் விளக்குத்தூண் அவர் நினைவாக வைத்ததுதான்.

டிடெக்டர் வாங்கும் ஆசை உள்ளவர்களுக்கு: பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். மண்ணில் புதைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், என்ன, எங்கே, எப்போது கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுதித் தரச் சொல்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அடையாளம் பிடிபடாத பொத்தானை, ராணி மங்கம்மாள் அரண்மனை வளாகத்து அரசு அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போய்க் கேட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.