இரண்டு உடம்புக்கான உடுப்பு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் சகோதர சகோதரிகளே, மடியில் குழந்தையோடும் வயிற்றில் குழந்தையோடும் இந்த அவைக்கு வந்திருக்கும் தாய்மார்களே, அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துவந்திருக்கும் அப்பாக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு வேண்டியதையெல்லாம் கர்ப்பகாலத்திலேயே வாங்கி அடுக்கிவிடுவதா, குழந்தை வந்த பிறகு அதன் உடம்பைப் பார்த்து வாங்குவதா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி ஒரு கேள்வி கேட்டார். "பெற்றவளுக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்க வழியில்லை. அவள் எப்போது கடைக்குப் போய், எப்போது குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்கும் பேபி கேரியர் பார்த்து வாங்குவாள்?" என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த அலுப்பை இரண்டு முறை பட்டவள் நான். ஆனால் அந்தக் கேள்விக்கு, கர்ப்பகாலத்திலேயே வாங்கிவிட வேண்டும் என்று அவர் சொன்ன பதிலை, முதல் குழந்தையின்போது நானே கடைப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். என்ன ஆயிற்று என்று கேளுங்கள் ஐயா.

ஏழாம் மாதம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற கடைசி நாட்கள் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனோம். இடுப்பில் அகலமான பட்டை, தோளில் பஞ்சு வைத்த வார், முதுகில் பக்கிள் என்று பார்க்கவே திடமான ஒரு கேரியரை எடுத்தோம். கடைக்காரர் ஒரு பொம்மையை அதற்குள் உட்காரவைத்துக் காட்டினார். பொம்மை அழகாக உட்கார்ந்தது. இடுப்புப் பட்டையை என்மேல் மாட்டிப் பார்க்க வழியில்லை, ஏழு மாத வயிறு நடுவில் நின்றது. "பிறந்த பிறகு சரியாகிவிடும்" என்று வாங்கிவந்து அலமாரியில் வைத்தோம்.

பிள்ளை மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிட்டான். 2.4 கிலோ. பெட்டியைத் திறந்து குறிப்பைப் படித்தால், குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு என்று போட்டிருந்தது. சரி, எடை ஏறும் என்று காத்திருந்தோம். ஏறியது. அப்போது பார்த்தால் அந்த இடுப்புப் பட்டையின் மேல்விளிம்பு சரியாக என் ஆபரேஷன் தையலின்மேல் வந்து உட்கார்ந்தது. பச்சை உடம்பு. மாட்டிய இரண்டாவது நிமிடம் கழற்றிவிட்டேன். குழந்தைக்கு அது பொருந்திய நாளில் எனக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்திய நாளில் அவன் அதற்குள் வர மறுத்தான். கேரியர் என்பது இரண்டு உடம்பு ஒரே நேரத்தில் போட்டுக்கொள்கிற ஒரு உடுப்பு. கர்ப்பகாலத்தில் அதை வாங்கப் போகும்போது ஓர் உடம்பு இன்னும் வரவே இல்லை. இன்னோர் உடம்பு அன்றைக்கு இருக்கிற மாதிரி மறுபடி இருக்கப்போவதில்லை. எந்த அளவுக்கு வாங்குவது?

இது என் ஒருத்தியின் சங்கடம் என்றால் இந்த மேடையில் பேசியிருக்க மாட்டேன். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பேசுகிறேன்.

தலை நிற்காத குழந்தையின் தலை, அதன் உடம்போடு ஒப்பிட்டால் கனமானது. கழுத்தில் வலு கிடையாது. தொளதொளப்பான துணிக்குள் குழந்தை சுருண்டு படுத்தால் தாடை நெஞ்சில் போய் முட்டும். மூச்சுக்குழல் மடங்கும். அந்த வயதில் அது அழுது நம்மைக் கூப்பிடாது, சத்தமில்லாமலே மூச்சு நின்றுபோகும். 2010 மார்ச்சில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், குழந்தையைத் தூக்கும் ஸ்லிங் துணிகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. முந்தைய 20 ஆண்டுகளில் அவற்றோடு தொடர்புள்ள 14 சாவுகள் அவர்களுடைய கணக்கில் இருந்தன. அதில் 12 குழந்தைகள் நான்கு மாதம்கூட நிரம்பாதவர்கள்.

அதே சமயத்தில் பிரிட்டனில் ஸ்லிங் தயாரிப்பவர்களும் விற்பவர்களும் சேர்ந்து பெற்றோருக்கு ஐந்து சோதனைகளை வகுத்துக் கொடுத்தார்கள். துணி உடம்போடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். குனிந்தால் குழந்தையின் முகம் எப்போதும் தெரிய வேண்டும். தலையைத் தாழ்த்தினால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் குழந்தை இருக்க வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய இடம் வேண்டும். முதுகு சரிந்து சுருளாமல் தாங்கப்பட வேண்டும். நடுவர் அவர்களே, இந்த ஐந்தில் எதைக் குழந்தை இல்லாமல் சோதிக்க முடியும்? பொம்மைக்குத் தாடை சரிவதில்லை. பொம்மையின் கழுத்து ஒரே மாதிரி விறைப்பாக நிற்கும். கடையில் நான் பார்த்த சோதனை, சோதனையே இல்லை.

எதிரணி நண்பர் ஒருவர், "நல்ல கேரியரா என்று பார்க்க இடுப்பு மூட்டுக்கு ஏற்றது என்ற முத்திரையைப் பார்த்தால் போதும், அதற்குக் குழந்தை எதற்கு?" என்றார். முத்திரையைப் பாருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முத்திரை எதைக் கேட்கிறது? குழந்தையின் முழங்கால்கள் பின்புறத்தைவிடச் சற்று உயர்ந்து, தொடைகள் இருபுறமும் விரிந்து, ஆங்கில எம் எழுத்தைப் போல உட்கார வேண்டும் என்கிறது. ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை துணி தாங்க வேண்டும். முதல் மாதங்களில் இடுப்பு மூட்டின் கிண்ணம் இன்னும் பெரும்பாலும் குருத்தெலும்பாகத்தான் இருக்கிறது. காலை நேராக நீட்டி இறுக்கிவைத்தால் மூட்டு நழுவும் ஆபத்து கூடும். அதனால் இது முக்கியம்தான். சரி, ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் எவ்வளவு தூரம்? பிறந்த குழந்தைக்கு ஒரு அளவு, ஆறு மாதத்தில் வேறு அளவு. துணி குறுகினால் கால் தொங்கும், அகன்றால் சின்னக் காலைப் பிளந்துவிடும். கேரியர் நல்லதாகவே இருக்கலாம். அது உங்கள் குழந்தைக்கு இன்றைக்கு நல்லதா என்பதைக் குழந்தையின் கால்தான் சொல்லும்.

துணி வகையும் அப்படித்தான். இழுபடும் பின்னல் துணி பச்சைக் குழந்தைக்கு இதமாக ஒட்டும்; எடை ஏற ஏறத் தொய்ந்துவிடும். வளையத்தில் கோத்துப் போடும் துணி சட்டென்று எடுக்க வசதி, ஆனால் முழு எடையும் ஒரே தோளில் இறங்கும். பக்கிள் வைத்தது, கனத்த குழந்தையை நெடுநேரம் சுமக்க நல்லது. வெளிப்பக்கம் பார்த்து உட்காரவைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு, தலை நன்றாக நின்ற பிறகுதான் அதற்குக் காலம். இரண்டாவது குழந்தைக்கு நான் முன்கூட்டி எதுவும் வாங்கவில்லை. நான்காவது வாரம் தோழி ஒருத்தி தன்னுடைய பின்னல் துணியைக் கொண்டுவந்து, என் மகளை வைத்தே கட்டிக் காட்டினாள். முதல் தடவை தாடை சரிந்தது, அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினோம். இரண்டாவது தடவை தூங்கிவிட்டாள். கடையில் செலவான நேரம் ஒன்றுமில்லை.

இங்கே எதிரணி பலமாக ஒரு வாதம் வைத்தது, அதற்கு நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். "தூக்கிவைத்திருந்தால் குழந்தை குறைவாக அழும் என்று விஞ்ஞானமே சொல்கிறது, அதனால் முதல் நாளே கேரியர் தயாராக வேண்டாமா?" என்றார்கள். ஆமாம், சொல்கிறது. 1986இல் கனடாவின் மான்ட்ரியாலில் நடந்த ஆய்வு. வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கிவைத்திருந்த குழந்தைகள், அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது வாரத்தில், மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். (ஓயாமல் அழுகிற குழந்தைகளிடம் அந்தக் குழுவினரே பின்னால் செய்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையோடு தவிக்கிறவர்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம்.) நியூயார்க்கில் நடந்து 1990இல் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. சில தாய்மார்களுக்கு மெத்தென்ற துணி கேரியரும், சிலருக்குக் குழந்தையை உட்காரவைக்கும் பிளாஸ்டிக் இருக்கையும் கொடுத்தார்கள். 13 மாத வயதில் பார்த்தபோது, கேரியர் கிடைத்த தாய்களின் குழந்தைகளில் 83 சதவீதம் பேர் அம்மாவிடம் நிம்மதியான பிணைப்போடு இருந்தார்கள். மற்றவர்களில் 38 சதவீதம். ஆய்வு சிறியதுதான். ஆனாலும் சுமப்பதன் அருமைக்கு நான் எதிரியில்லை.

கேள்வி, முதல் நாட்களில் எதால் சுமப்பது என்பது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை. மருத்துவர் எட்கார் ரெய் சனாப்ரியா, குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகம் சொல்வது அதுதான். 2021இல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், 1.8 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே இப்படித் தோலோடு தோலாக வைத்தபோது, உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து வைத்ததைவிட, முதல் 28 நாளில் நிகழும் சாவு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அங்கே வேலை செய்தது அகலமான பட்டையும் பக்கிளும் அல்ல ஐயா, ஒரு நெஞ்சும் ஒரு துணியும். முதல் வாரங்களுக்கு நமக்கும் அது இருக்கிறது.

இன்னொன்றைப் பாருங்கள். தைத்த கேரியரையும் மடக்குத் தள்ளுவண்டியையும் உருவாக்கியவர்களே எப்போது உருவாக்கினார்கள்? ஆன் மூர் என்ற செவிலியர் 1960களில் டோகோ நாட்டில் தாய்மார்கள் குழந்தையைத் துணியால் கட்டிச் சுமப்பதைப் பார்த்திருந்தார். ஊர் திரும்பி, தன் மகள் பிறந்த பிறகு அதுபோலக் கட்டிப் பார்த்தார், துணி நிற்கவில்லை. மகள் எங்கே நழுவுகிறாள் என்று பார்த்துப் பார்த்துத் தன் அம்மாவைத் தைக்கச் சொன்னார். 1969இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மடக்குத் தள்ளுவண்டிக்கு 1965இல் காப்புரிமை கேட்ட ஓவன் மக்லாரன் விமானப் பொறியாளர். மகள் பேரக்குழந்தையோடு கனமான வண்டியை இழுத்துக்கொண்டு படும் பாட்டைப் பார்த்த பிறகுதான் வரைய உட்கார்ந்தார். உருவாக்கியவர்களே குழந்தையைப் பார்த்துத்தான் அளவெடுத்தார்கள்.

குழந்தையைப் பார்க்காமல் வாங்கும்போது நாம் எதைப் பார்த்து வாங்குகிறோம்? காலித் தொட்டிலைப் பார்த்து. அதைச் சுற்றிக் கட்டும் பஞ்சு விளிம்பும் வரிசையாக வைக்கும் தலையணையும் காலித் தொட்டிலைத்தான் அழகாக்குகின்றன. உள்ளே குழந்தை படுத்தால் அதன் மூக்கை அடைப்பவை அவை. குழந்தையைச் சாய்வாகத் தூங்கவைக்கும் ஒரு படுக்கையை 2019இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். விற்றுத் தீர்ந்திருந்தவை சுமார் 47 லட்சம். 2022இல் சாய்வுப் படுக்கையையும் பஞ்சு விளிம்பையும் சட்டமே தடைசெய்தது. சக்கரம் வைத்த வாக்கரை 2004இலேயே கனடா தடைசெய்துவிட்டது. அதில் வைத்த குழந்தை கண்ணிமைக்கும் நேரத்தில் படியில் உருண்டுவிடும். நடையும் அதனால் சீக்கிரம் வருவதில்லை. இத்தனையும் ஆசை ஆசையாக, நல்ல மனதோடு வாங்கப்பட்டவை. குழந்தை தூங்கக் கேட்பது சமதளமான, கெட்டியான, வெறுமையான ஒரு படுக்கை. அதை முன்னாலேயே வாங்கிவையுங்கள், மறுக்கவில்லை.

கார் சீட்டையும் முன்னாலேயே வாங்க வேண்டும் என்கிறேன். எதிரணி முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறது. காரணத்தையும் கேளுங்கள். காரில் போகிறவர்களுக்கு முதல் பயணமே மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருவதுதான். அந்த சீட்டு முதலில் பொருந்த வேண்டியது காரோடு. கார் ஏற்கெனவே வாசலில் நிற்கிறது, பொருத்திப் பார்க்கலாம், அப்பாக்கள் பத்து தடவை பூட்டித் திறந்து பழகலாம். பின்பக்கம் பார்த்த சீட்டாகப் பாருங்கள். ஆர்129 என்ற ஐ.நா. விதி குறைந்தது 15 மாதம்வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் போக வேண்டும் என்கிறது. வரலாறு தெரியாத பழைய சீட்டு வேண்டாம். விபத்தில் சிக்கியது என்றால் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். வீடு வந்ததும் குழந்தையை அதிலேயே தூங்கவிடாமல் எடுத்துவிடுங்கள். அங்கேயும் தாடை நெஞ்சில் சரியும் அதே ஆபத்துதான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணித் தலைவியின் கேள்விக்கு என் பதில் இது: பெற்றவள் ஏன் கடைக்குப் போக வேண்டும்? ஏழாம் மாதத்தில் அவள் செய்ய வேண்டியது, குழந்தையோடு வந்தால் கட்டிக் காட்டிக் கற்றுத்தருகிறவர் யார், கேரியரை இரண்டு வாரம் இரவல் தருகிறவர் யார் என்று விசாரித்துக் குறித்துவைப்பது. பிறந்த பிறகு அந்த எண்ணைக் கூப்பிட அப்பாவுக்குத் தெரியும். அடுத்து எதிரணியிலிருந்து பேச வருகிற சகோதரரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். ஏழாம் மாதம் நீங்கள் வாங்கச் சொல்லும் கேரியரை, தாடை நெஞ்சில் முட்டுகிறதா என்று யாரை வைத்துப் பார்ப்பீர்கள்? வணக்கம்.