பூனையைச் சந்தையில் விட்டால் ஊரில் பூனை குறையுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மாட்டைப் பற்றி, கோழியைப் பற்றி இந்த நேரத்தில் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். பூனையைப் பற்றிப் பேச ஒருவர் வருகிறார் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். சிரிக்கட்டும். நான் கால்நடை வைத்திய அலுவலகத்தில் வேலை செய்த காலத்தில், மாட்டுக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் படியிறங்கும்போது திரும்பி நின்று கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, உந்தப் பூனையளுக்கு ஒரு வழி சொல்லுங்கோவன்." கோழிக்குஞ்சைத் தூக்குது, குசினிக்குள்ள சட்டி உருட்டுது, நெல்லு மூட்டையில மூத்திரம் பெய்யுது, இரவிரவாத் தகரத்துக்கு மேல சண்டை. ஒன்றும் பொய்யான முறைப்பாடு இல்லை.

இத்தனைக்கும் யுத்தம் முடிந்து 2010ஆம் ஆண்டளவில் மீளக்குடியேறி, தகரக் கொட்டிலிலும் தறப்பாளிலும் இருந்தபோது, எலிக்கும் எலியைத் தேடி வருகிற பாம்புக்கும் பயந்து, ஆர் வீட்டில் பூனைக்குட்டி இருக்குது என்று விசாரித்துத் திரிந்தவர்களும் நாங்கள்தான். அப்போது தேவைப்பட்டது, இப்போது மிஞ்சிப்போயிற்று. மிஞ்சியதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி உரப்பை. குட்டிகளைப் பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு போய்ச் சந்தையடியிலோ கோயிலடியிலோ ஆஸ்பத்திரி மதிலோரத்திலோ விட்டுவிட்டு வருவது. "சந்தையில மீன்தலை கிடைக்கும், பிழைச்சுக்கொள்ளும்" என்று மனதுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வோம்.

அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. காகம், நாய், ஏ-9 வீதியில் போகிற பஸ், இவற்றில் ஏதாவது ஒன்று முடித்துவிடும். பிழைக்கிற ஒன்றிரண்டு பெட்டை ஆறு மாதத்தில் அங்கேயே குட்டி போடத் தொடங்கும். பரந்தன்காரர் கிளிநொச்சிச் சந்தையில் விடுகிறார். கிளிநொச்சிக்காரர் பரந்தன் சந்தியில் விடுகிறார். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து, "எங்கிருந்து வருகுதோ தெரியாது, ஒவ்வொரு மாதமும் புதுப் பூனை" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

ஓர் ஒழுங்கையில் எத்தனை பூனை நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது அங்கே கிடைக்கிற சாப்பாடும் ஒதுங்க இடமும்தான். சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், மீன் வெட்டுகிற இடம், அரிசி ஆலை எலி, வீட்டுக்காரர் கொட்டுகிற மிச்சச் சோறு, இவை அப்படியே இருக்க, நிற்கிற பூனையை மட்டும் அகற்றினால் அந்த இடம் காலியாக இருக்காது. பக்கத்து வளவிலிருந்து இன்னொன்று வரும். எஞ்சி நிற்கிற பெட்டைகளின் குட்டிகளும், சாப்பாட்டுக்குப் போட்டி குறைந்ததால், வழமையைவிடக் கூடுதலாகத் தப்பும். நஞ்சு வைத்தாலும் இதே கதைதான். அதிலும், எலி நஞ்சைக் கருவாட்டில் தடவி வைப்பவருக்குச் சொல்கிறேன்: அதைத் தின்பது பூனை மட்டுமல்ல. பக்கத்து வீட்டு நாயும் தின்னும், கீரியும் தின்னும். மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இலங்கையில் இன்னும் இருக்கிறது.

பூனை பெருகும் வேகத்தையும் கொஞ்சம் பாருங்கள். பெட்டைக்குட்டி நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 9 கிழமை. ஒரு பேற்றில் மூன்று, நான்கு, சில வேளை ஐந்து குட்டி. பால் குடுக்கும்போதே மறுபடி சினைப்படும். குளிர் நாடுகளில் மாரியில் பகல் சுருங்கும்போது பூனைக்கு வேட்கை அடங்கிவிடும். எங்களுக்கோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணித்தியாலப் பகல். ஆகவே ஓய்வில்லை.

இதற்கு உலகத்தில் பல இடங்களில் செய்து பார்த்து நிற்கிற முறை ஒன்றுதான்: பிடி, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய், விசர்நோய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடு. "திரும்ப விடவோ? பிறகேன் பிடிப்பான்?" என்று கேட்பார்கள். அந்தப் பூனை அங்கே நிற்கும்வரை அந்த இடம் நிரம்பியிருக்கிறது. ஆனால் அது இனிக் குட்டி போடாது. கடுவனுக்குச் செய்தால் இரவுச் சண்டை குறையும், மூத்திரம் தெளிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு விஷயம் மட்டும் மாறாது, அதை மறைக்கக் கூடாது: சத்திரசிகிச்சை செய்த பூனையும் கோழிக்குஞ்சைக் கண்டால் பாயும். அதற்கு வலைபோட்ட கூடு தவிர வேறு மருந்து இல்லை.

பிடிப்பது எப்படி? வெறுங்கையால் வேண்டாம். ஊரில் இரும்பு ஒட்டுகிற கடையிலேயே கம்பி வலையில் ஒரு கூடு செய்விக்கலாம்: 2½ அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், உள்ளே கால் வைத்தால் கதவு விழுகிற தட்டு. முதல் நாலைந்து நாள் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, உள்ளே தீன் வையுங்கள். சுட்ட கருவாடு, ரின் மீன், எதுவானாலும் மணம் தூக்கவேண்டும். பிடிக்கிற நாளுக்கு முதல் நாள் பட்டினி. பொழுதுபடும் நேரம் கூட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வைத்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். எங்கள் மண்ணில் எறும்பு பொல்லாதது. அடைபட்ட பிராணியை அரை மணித்தியாலத்தில் மொய்த்துவிடும். கதவு விழுந்த உடனே பழைய சாரம் ஒன்றால் கூட்டை முழுவதும் மூடிவிடுங்கள். கம்பியில் முட்டி மோதிக்கொண்டிருந்த பூனை இருட்டானதும் அடங்கிவிடும்.

பிடித்ததும் வயிற்றைப் பாருங்கள். முலைக்காம்பைச் சுற்றி மயிர் உதிர்ந்து, காம்பு நீண்டிருந்தால் எங்கேயோ குட்டிகள் இருக்கின்றன. அதை வைத்தியரிடம் சொல்லி, மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் அன்றே திரும்ப விடவேண்டும். மற்றப் பெட்டைகளை ஒன்றிரண்டு நாள் நிழலில் வைத்துப் பார்க்கலாம். கடுவனுக்கு ஓர் இரவு போதும். இரண்டு மாதம் கடந்து ஒரு கிலோ நிறை வந்த குட்டிக்கும் செய்யலாம்.

மயக்கத்தில் இருக்கும்போதே இடக் காதின் நுனியில் ஒரு சென்ரிமீற்றரளவு நேராக வெட்டிவிடுவார்கள். இதைப் பார்த்து, "ஆரோ பாவி காதை அறுத்துப்போட்டான்" என்று ஓர் அம்மா அலுவலகத்துக்கே சண்டைக்கு வந்தார். அது அடையாளம், அம்மா. தூரத்தில் நின்றே கண்டுகொள்ளலாம். அதே பூனையை மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை.

பெட்டையா கடுவனா என்று தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை என்று மூன்று நிறமும் கலந்த பூனை ஏறத்தாழ எப்போதும் பெட்டை. முழுச் செம்மஞ்சள் என்றால் பெரும்பாலும் கடுவன். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொப்பி ஒன்றைக் கொடுத்து, ஒழுங்கையில் திரிகிற பூனைகளின் நிறத்தையும், எந்த வீட்டில் சாப்பிடுகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பெரியவர்களைவிடச் சரியாக எழுதித் தருவார்கள்.

மலிவு என்று சிலர் கருத்தடை ஊசி போடுவிக்கிறார்கள். தொடர்ந்து போட்டால் கருப்பையில் சீழ் கட்டும், முலையில் கட்டி வரும். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. காய்ச்சல் என்று நினைத்துப் பரசிற்றமோல் கொடுப்பதும் அப்படித்தான். மனிதருக்குரிய குளிசையில் பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

எங்கள் வன்னிப் பகுதிக்கென்று ஒரு சங்கதியும் இருக்கிறது. காட்டோரக் கிராமங்களில் கூடு வைத்தால் வீட்டுப் பூனைதான் விழும் என்று இல்லை. மரநாய் விழலாம், கீரி விழலாம், காட்டுப்பூனை விழலாம். துருநிறப் புள்ளியோடு, வீட்டுப் பூனையின் பாதி நிறைகூட இல்லாத ஒரு சாதியும் எங்கள் நாட்டுக் காடுகளில் உண்டு. உலகத்திலேயே மிகச் சிறிய பூனை இனங்களில் அது ஒன்று. என்ன விழுந்தாலும் கூட்டின் பின்னால் நின்று கதவைத் தூக்கிவிட்டு விலகுங்கள். காணி துப்புரவாக்கும்போது பற்றைக்குள் குட்டி கண்டால் தொடாதீர்கள். தாய் அருகில்தான் நிற்கும். வேண்டாத வீட்டுப் பூனையைக் காட்டுக்குள் விடுகிறவர்கள், தங்கள் தலையிடியையும் பூனையின் நோயையும் சேர்த்தே இவற்றின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

பிடிக்கும்போது கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பூசுவது, மிளகாய்த்தூள் அப்புவது வேண்டாம். விசர்நோய் நாயிடமிருந்து பூனைக்கும் தொற்றும். அறிகுறி வந்த பிறகு மனிதரைக் காப்பாற்ற வழியில்லை. ஊரில் நாய்களுக்குத் தடுப்பூசி போட வருகிறபோது பூனையையும் கூடையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

செலவுக்கு என்ன செய்வது? இங்கேதான் நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களை நம்புகிறேன். அங்கொன்று இங்கொன்றாகச் செய்வதால் காசுதான் கரையும். ஒரே ஒழுங்கையை எடுத்து, அங்குள்ளவற்றில் முக்கால்வாசிக்கு மேல் குறுகிய காலத்துக்குள் முடித்துவிட்டு, அடுத்த ஒழுங்கைக்குப் போகவேண்டும். பல பூனைகளைச் சேர்த்துக் கொண்டுவந்தால் கட்டணத்தைக் குறைத்துச் செய்ய முடியுமா என்று வைத்தியரிடம் முதலே பேசுங்கள். மாரிக்கு முந்திய உலர்ந்த மாதங்கள் வசதி. வெள்ளத்துக்குள் கூடு தூக்கித் திரிய முடியாது.

சோறு வைக்கிற புண்ணியவதிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வையுங்கள். அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பிடிக்கிற நாளில் கூட்டுக்குள் பூனையை வரவழைப்பது அந்தப் பழக்கம்தான். கோழி வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் இடையில் வேலிச் சண்டையும் பாதி குறையும்.

எல்லா ஒழுங்கையிலும் "என்ர பூனையில கை வைக்க விடமாட்டன்" என்று ஒரு வீடு இருக்கும். அவர்களோடு மல்லுக்கட்டி நாளை வீணாக்காமல் மற்ற வீடுகளை முடியுங்கள். அந்த வீட்டில் நிற்பது கடுவன் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பெட்டை என்றால், அடுத்த பேற்றுக் குட்டிகளை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அவர்களே உங்களிடம் கேட்டு வருவார்கள்; அன்றைக்குக் கூட்டோடு போங்கள்.

நன்றி, வணக்கம்.