சக்கர் என்றாள், சர்க்கரை என்று எழுதினேன்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊருக்குள் இன்னும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெளிமாநிலங்களிலிருந்து இங்கே பிழைக்க வந்திருக்கிற பெண்களின் உடல்நலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதை ஒரு பெண்ணிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

2016, சித்திரை வெயில். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஜார்கண்டிலிருந்து வந்த ஏழெட்டுக் குடும்பங்கள் பின்கட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தன. ஆண்கள் கொத்து வேலை, பெண்கள் சித்தாள் வேலை. அவர்களில் ஒருத்திக்கு இருபது வயசுகூட இருக்காது. ஆறு மாத வயிறு. நான் போனபோது சாந்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, நெற்றியைத் தொட்டுத் தொட்டு "சக்கர், சக்கர்" என்றாள்.

சர்க்கரை வியாதி என்று சொல்கிறாள் போல, ஊரில் யாரோ சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் அப்படியே எழுதினேன். மறுநாள் காலையில் எதுவும் சாப்பிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லிச் சைகை காட்டினேன். அவளும் சொன்னபடியே வெறும் வயிற்றோடு வந்தாள். வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்து விழுந்தாள். சோதித்துப் பார்த்தால் சர்க்கரை சரியாக இருக்கிறது. ரத்த அளவுதான், அதாவது ஹீமோகுளோபின், 7.2. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். இந்தியில் சக்கர் என்றால் தலைசுற்றல் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

தலைசுற்றுகிறது என்று சொன்ன பெண்ணை நான் பட்டினியாக வரச் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷம் ஆகியும் அது என் மனசை விட்டுப் போகவில்லை.

ஹெல்த் லிட்டரசி என்று இப்போது கூட்டங்களில் பேசுகிறார்கள். உடல்நலத்தைப் பற்றிக் கேட்டு, புரிந்து, அதன்படி நடந்துகொள்கிற திறமை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்தப் பெண்களுக்கு அது இல்லை என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அன்றைக்கு அவள் தன் உடம்பில் நடப்பதைச் சரியான வார்த்தையில் சொன்னாள். புரியாமல் போனது எனக்கு. அந்தத் திறமை சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் சேர்த்துத்தான் வேண்டும் என்பது என் முடிவு.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கடல் கடந்து தொழில் செய்ய, கொண்டுவிக்கப் போன ஊர் நம் ஊர். ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று போகாத துறைமுகம் இல்லை. பர்மாத் தேக்கு இன்றைக்கும் நம் வீடுகளில் தூணாக நிற்கிறது. என் அப்பத்தா ஒரு வீட்டுக்குச் சமையல் வேலையாக ரங்கூன் போய் ஆறு வருஷம் இருந்தவர். கடைசிக் காலம் வரைக்கும் அவருக்கு நினைவிருந்த பர்மிய வார்த்தைகள் இரண்டு. ஒன்று யே, தண்ணீர். இன்னொன்று நாதே, வலிக்கிறது. என் அப்பாவை அங்கேதான் பெற்றார். மொழி தெரியாத ஊரில் பிரசவ வலியோடு கிடந்ததை அவர் சொல்லும்போது நான் சின்னப் பிள்ளை, கதையாகத்தான் கேட்டேன். கானாடுகாத்தானில் அந்தப் பெண் விழுந்த அன்றைக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது.

சரி, அவள் கதைக்கு வருகிறேன். இரும்புச் சத்து மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். கூடவே மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. இந்த முறை இந்தி தெரிந்த ஒரு டீச்சரம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். மாத்திரை போட்ட மூன்றாம் நாள் மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. உள்ளே என்னமோ அழுகுகிறது, பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து நிறுத்திவிட்டாள். போட்ட மூன்று நாளும் காலையில் டீயோடு போட்டிருக்கிறாள். கொட்டகையில் காலை ஆகாரமே டீயும் பொரியும்தான். டீயில் இருக்கிற துவர்ப்பு, இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம் என்ற ஒரு வாக்கியத்தை நான் முதலிலேயே அவளுக்குப் புரியும்படி சொல்லியிருந்தால் இரண்டு வாரம் வீணாகியிருக்காது. கர்ப்ப காலத்தில் நாலாவது மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள் போட வேண்டிய மாத்திரை அது. ராத்திரி சாப்பிட்டு முடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு போட்டால் நல்லது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக் கூடாது. இது நம் ஊர்ப் பெண்களுக்கும்தான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். நம் வீட்டுப் பெண்ணுக்கு நாலு பேர் நாலு முறை சொல்ல இருக்கிறார்கள். அவளுக்கு ஒருத்தர் ஒருமுறை சொல்வதோடு சரி.

மொழிபெயர்ப்பு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலும் மேஸ்திரியோ புருஷனோதான் நடுவில் நின்று பேசுவார்கள். வெள்ளைப்படுதல், மாதவிலக்குக் கோளாறு, அந்தரங்கத்தில் எரிச்சல், இதையெல்லாம் மேஸ்திரியை வைத்துக்கொண்டு எந்தப் பெண் சொல்வாள்? நான் ஐந்து நிமிஷம் பேசுவேன், அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். அவளும் தலையை ஆட்டுவாள். பள்ளிக்கூடம் போய்த் தமிழ் கற்ற பிள்ளைகளை நிறுத்திப் பேசவைப்பதும் நடக்கிறது. அம்மாவின் கருச்சிதைவைப் பத்து வயசுப் பிள்ளை வாயால் கேட்பது எனக்குச் சம்மதமில்லை. முன்னாலேயே வந்து தமிழ் பழகிய பெண் ஒருத்தி எந்தக் கொட்டகையிலும் இருப்பாள். அவளைத் தேடிப் பிடியுங்கள் என்றுதான் இப்போது வேலை பார்க்கிற செவிலியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், புரிந்ததா என்று கேட்காதீர்கள். கேட்டால் புரிந்தது என்றுதான் தலையாட்டுவார்கள். மாத்திரையை எப்போது போடுவாய், எதோடு போடுவாய் என்று அவளையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி வீட்டுக்காரர்களுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும். நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் சட்டி சுமக்கிற பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் தெரியுமா? குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க மறைவிடம் இல்லை. இருட்டும் வரைக்கும் அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அதனால் சிறுநீர்ப் பாதையில் கிருமி சேர்ந்து, எரிச்சலும் காய்ச்சலும் வரும். கர்ப்பிணியாக இருந்தால் குறைப்பிரசவம் வரைக்கும் கொண்டுபோய்விடும். தண்ணீர் நிறையக் குடி என்று நான் அறிவுரை சொல்லி என்ன பிரயோசனம்? வேலை தொடங்கும் முன்னால் ஒரு கக்கூஸும் நாலு பக்கம் அடைத்த குளியல் மறைப்பும் கட்டுங்கள். வளவு என்று உள்முற்றமும் பட்டாலை என்று கூடமும் வைத்து வீடு கட்டிய ஊருக்கு இது பெரிய வேலை இல்லை. 1979இல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்திலேயே தங்குமிடமும் இலவச மருத்துவ வசதியும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று எழுதிவைத்தார்கள். ஈர சிமெண்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிற பட்டறையானாலும் கட்டட வேலையானாலும் சிமெண்டின் காரம் தோலைத் தின்றுவிடும்.

கர்ப்பிணிகளுக்கு ஒன்று. நர்சிடம் கர்ப்பத்தைப் பதிந்து, அந்தப் பதிவுக்குத் தருகிற பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். அந்த எண் இல்லாமல் இங்கே பிறக்கிற குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கஷ்டம். சொந்த ஊர் ரேஷன் கார்டில் ஆதார் இணைந்திருந்தால் தானியத்தை இங்கேயே வாங்கலாம். தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அவசரத்துக்கு 108. இதையெல்லாம் அந்தப் பெண்கள் இந்த ரேடியோவில் தமிழில் கேட்கப் போவதில்லை. கேட்கிற நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி அட்டை விஷயமும் அப்படித்தான். 6, 10, 14 வாரத்தில் போடுகிற ஊசிகள், ஒன்பது மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா ஊசி, எல்லாம் அவர்கள் ஊரிலும் இங்கேயும் ஒன்றுதான். நடுவில் ஊருக்குப் போய் ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். அட்டை மட்டும் கையில் இருக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆதாரோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

அந்த ஜார்கண்ட் பெண்ணுக்கு ஆடி மாசம் சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை, 2 கிலோ 600 கிராம். பிரசவத்துக்கு முன்னால் கடைசியாகப் பார்த்தபோது, நான் கேட்காமலே விரலை மடக்கி, தீதி, அதாவது அக்கா என்று கூப்பிட்டு எனக்குத் தமிழில் ஒப்பித்தாள்: "டீ வேணாம் தீதி. ராத்திரி. எலுமிச்சை. கறுப்பு போனா பயம் இல்ல." இப்போது அவள் குடும்பம் பள்ளத்தூர்ப் பக்கம் வேலையில் இருக்கிறது. பக்கத்துக் கொட்டகைக்குப் புதிதாக மூன்று குடும்பம் வந்திருக்கிறதாம், அதில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாளாம். போனில் சொன்னாள். வருகிற புதன்கிழமை தடுப்பூசி நாள். இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்க்கிறோம். நான் கூடப் போகிறேன், பேசப் போகிறவள் அவள்தான்.

வணக்கம்.