அடுத்தவர் எவ்வளவு கொடுத்தார்?

அனைவருக்கும் வணக்கம்.

நிதிப் பொறுப்பில் இருப்பவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். அதனால் நேராகவே கேட்கிறேன். பூகம்பமோ வெள்ளமோ வந்த மறுநாள், உங்கள் அலுவலகத்தில் முதலில் எழும் கேள்வி எது? அங்கே என்ன தேவை என்பதா? பல இடங்களில் அது இல்லை. ‘போட்டி நிறுவனம் எவ்வளவு அறிவித்திருக்கிறது?’ என்பதுதான். அவர்கள் நூறு என்றால், நாம் எண்பது சொன்னால் மானம் போகும். நூற்றைம்பது சொன்னால் பங்குதாரர்கள் கேட்பார்கள். சரி, நூறே இருக்கட்டும். பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும்.

இப்படித் தேவையைப் பார்க்காமல் மற்றவர்களைப் பார்த்துத் தொகையை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2008 மே மாதம் சீனாவின் சிச்சுவானில் நடந்ததைப் பாருங்கள். ஏறத்தாழ 70 ஆயிரம் பேரைப் பலிகொண்ட பூகம்பம். நாட்டின் மிகப் பெரிய வீடு கட்டும் நிறுவனங்களில் ஒன்றான வான்கே 20 லட்சம் யுவான் கொடுத்தது. இவ்வளவுதானா என்று மக்கள் கேட்டார்கள். நிறுவனத்தின் தலைவர் வாங் ஷி பதில் எழுதினார்: பேரிடர் அடிக்கடி வரும் நாடு இது, நன்கொடை சுமையாகிவிடக் கூடாது, தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும், ஊழியர்களும் ஆளுக்குப் பத்து யுவானோடு நிறுத்திக்கொள்ளலாம். அவ்வளவுதான், நாடே கொதித்துவிட்டது. கடைசியில் அவர் மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் மறுகட்டுமானத்துக்கு 10 கோடி யுவான் ஒதுக்கியது. அதே மாதம், மூலிகைத் தேநீர் விற்கும் ஜியாதுவோபாவ் நிறுவனம் தொலைக்காட்சியில் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சியில் 10 கோடி யுவான் அறிவித்தது. கடைகளில் அந்தப் பானம் ஒரு டப்பாகூட மிஞ்சக் கூடாது, வாங்கித் தீர்ப்போம் என்று இணையத்தில் மக்கள் கிளம்பிவிட்டார்கள்.

வாங் ஷி சொன்னதில் பாதி எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. தொடர்ந்து கொடுக்க முடிகிற அளவு என்பது பொறுப்பான கணக்குதான். இடிபாடுகளுக்குள் ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைச் சொன்னதும், ஊழியர் தன் சொந்தப் பணத்தில் கொடுப்பதற்கு வரம்பு கட்டியதும்தான் கோளாறு. இன்னொன்றையும் கவனியுங்கள். 20 லட்சம் 10 கோடியாக மாறியது சிச்சுவானின் தேவை கூடியதால் அல்ல, கோபம் கூடியதால்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பேரிடர் உதவியை, எந்தப் பேரிடரும் இல்லாத ஒரு சாதாரண நாளில் முடிவு செய்து வையுங்கள். ஆண்டுக்கு எந்த அளவு வரை, யார் கையெழுத்துப் போதும், எந்த அமைப்பின் வழியாக, எவ்வளவு பணம், எவ்வளவு பொருள் என்பதை இயக்குநர் குழுவில் பேசி எழுதிவிடுங்கள். பங்குதாரர் கேட்டாலும் கையில் பதில் இருக்கும்.

பொருள் என்றதும் ஓர் எச்சரிக்கை. ‘கிடங்கில் கிடப்பதை அனுப்பிவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். இடமும் காலியாகும், சில நாடுகளில் வரிச் சலுகையும் கிடைக்கும், புகைப்படத்திலும் நன்றாக இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பகுதியின் லேபிள் அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது. காலாவதியானதைப் பாதுகாப்பாக அழிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் 1996லேயே நெறிமுறை வெளியிட்டிருந்தது: கேட்டதை அனுப்புங்கள், காலாவதிக்கு ஓராண்டாவது இருக்கட்டும், புரியும் மொழியில் எழுதுங்கள் என்று. பணமாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் அன்றாடத் தொழிலே அங்கே தேவைப்படலாம். அப்போது காசோலையைவிட அது மேல். பேரிடர் நடந்த ஊரின் விமான நிலையம் இரண்டே நாளில் நிவாரணப் பொருளால் அடைத்துப்போகும். இறக்கவும் பிரிக்கவும் ஆள் இருக்காது. சரக்கு அனுப்பும் டிஎச்எல், 2005 முதல் ஐக்கிய நாடுகள் சபையுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, இதற்கென்றே பயிற்சி பெற்ற ஊழியர்களை அனுப்புகிறது. அதே 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கேத்ரினா புயலின்போது, வால்மார்ட் கடைகளின் அப்போதைய தலைமை நிர்வாகி லீ ஸ்காட் தன் மேலாளர்களிடம், உங்கள் பதவிக்கு மீறிய முடிவுகளை எடுக்க வேண்டிவரும், எடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்களுடைய தண்ணீர் லாரிகள் பல இடங்களுக்கு அரசு உதவிக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. தலைமையகத்தின் அனுமதிக்குக் காத்திருந்தால் அது நடந்திருக்குமா?

இதை ஆய்வும் சொல்கிறது. பாலெஸ்டெரோஸ், யூசீம், ரை என்ற மூவர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, பேரிடர் நடந்த நாட்டில் ஏற்கெனவே தொழில் நடத்தும் நிறுவனங்களிடமிருந்து உதவியில் அதிகப் பங்கு வந்தபோது, நாடு வேகமாக மீண்டிருக்கிறது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, யாரிடம் கிடங்குச் சாவி இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே முடிவெடுக்கும் அறையில் அங்குள்ள உங்கள் கிளையின் மேலாளர் குரல் கேட்க வேண்டும். விளம்பரப் பிரிவுக்கு நாற்காலி அப்புறம் போடலாம். அந்தக் கிளை ஊழியர்களின் வீடுகளும் இடிந்திருக்கும்; அவர்களை முதலில் விசாரியுங்கள், சம்பளம் நிற்காமல் பாருங்கள்.

கடைசியாக, முழுத் தொகையையும் முதல் வாரத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். கேமராக்கள் போன பிறகுதான் பள்ளிக்கூடமும் கடையும் மறுபடி கட்டப்படும். ஒரு பகுதியை ஆறு மாதம் கழித்துக் கொடுக்க ஒதுக்கி வையுங்கள், அப்போது நேரில் போய்க் கேட்டுக் கொடுங்கள்.

வரிச் சலுகை பற்றிச் சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் கணக்குத் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.