எலி பிடிக்கிற வயது

(வாசிப்பு மாதப் பட்டிமன்றம். தலைப்பு: 'எங்கள் நூலகத்துக்கு முதலில் வேண்டியது புதிய புத்தகங்களா, இணையம் பழகிய நூலகரா?' நூலகர் அணியின் பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். எட்டு நிமிடம்தான் தந்திருக்கிறீர்கள். மிச்ச வணக்கங்களை வடை சாப்பிடும்போது தனித்தனியாகச் சொல்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன் புத்தகத்தின் அருமையை நன்றாகச் சொன்னார். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மேடையை விட்டு இறங்கும்போது ஒன்று சொன்னாரே! "எங்கட நூலக அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இனிப்போய் மவுசைப் பிடி எண்டால், எலி பிடிக்கிற வயதா அது?" நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது. அக்கா மட்டும் பின்வரிசையில் சிரிக்காமல் இருக்கிறார்.

நடுவர் ஐயா, வன்னியில் நின்றுகொண்டு எலியை இளக்காரமாகப் பேசலாமா? நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது வயலில் எலி இறங்கினால் என்ன நடக்கும் என்று இந்தச் சபையில் யாரையும் கேளுங்கள். எழுபது வயது ஐயாவும் பொறி வைக்கிறார். அக்கா இருபது வருடமாக நூலகத்தில் எலி பிடிக்கிறார், வாலும் பல்லும் உள்ள எலி. போன மாரிக்கு ஒன்று அகராதிக்குள் குட்டி போட்டது. 'அ'வில் தொடங்கி 'ஊ' வரைக்கும் தின்று முடித்திருந்தது. இந்த ஊரில் அகராதியை அவ்வளவு தூரம் ஒழுங்காகப் படித்த ஆள் வேறு யாருமில்லை. அதையே பிடித்தவருக்கு இந்தப் பிளாஸ்டிக் எலி எம்மாத்திரம்?

சரி, அக்காவின் கதைக்கு வருகிறேன். நூலகப் புத்தகங்களைக் கணினியில் பட்டியல் போட்டுத் தரச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எப்படி என்று சொல்லித்தர யாரும் வரவில்லை. அக்கா ஒற்றை விரலால் மூன்று மாதம் அடித்தார். நாலாயிரம் புத்தகம். அதைப் பென்டிரைவில் ஏற்றி, கைலேஞ்சியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கொண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னக்கா, நகையா?" "இல்லைத் தம்பி, நாலாயிரம் புத்தகம்." "அப்ப நாலாயிரத்துக்கும் ரிக்கற் எடுங்கோ!"

அலுவலகத்தில் கோப்பைத் திறந்தார்கள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, இங்கிலீஸ் நல்லாத்தான் கிடக்கு. ஆனா எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றார். "தம்பி, நான் தமிழிலதானே அடிச்சனான்!" "அப்ப உங்கட தமிழ் என்ர தமிழை விடப் பெரிசு." நான் இந்தக் கதையை முதலில் கேட்டபோது அதிகாரி ஒரு வரிதான் பேசினார். இப்போது இரண்டு வரி பேசுகிறார். அடுத்த வருடம் பாட்டே பாடுவார்.

நடந்தது இதுதான். அக்கா அடித்தது பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுகிற பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். இணையத்தில் போய் 'அம்மா' என்று தேடினால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லிவிடும். நாலாயிரம் புத்தகம் அலுமாரியில் இருந்தும் இல்லாதது மாதிரி.

பிறகு உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை அக்காவுக்கு யூனிகோடு காட்டிக் கொடுத்தது. அதில் அடித்தால் வேறு கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும், தேடினாலும் வரும். அங்கேயும் ஒரு வில்லங்கம். பாமினியில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க', நாம் கையால் எழுதுகிற மாதிரியே. பிள்ளை காட்டிய முறையில் 'க' முதலில், கொம்பு பிறகு. அக்காவின் விரல் ஒரு கிழமை மறுத்தது. எட்டாம் நாள் அவரே சொன்னார்: "எருமைக்குத் தலை முளைச்ச பிறகுதானே கொம்பு முளைக்கும்!" அதற்குப் பிறகு பிழை விடவில்லை. எந்தப் பயிற்சிப் பட்டறையில் இப்படி ஒரு பாடம் சொல்வார்கள்?

அண்ணன் இது வயதுக்கு மீறிய வேலை என்கிறார். 2006இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகம் தன் ஊழியர்களுக்கு 23 சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தது. வலைப்பதிவு தொடங்கு, படம் ஏற்று, விக்கியில் எழுது, விளையாட்டாய்ப் பழகு என்று. முடித்தவருக்குப் பாட்டுக் கேட்கிற எம்பி3 கருவி பரிசு. எங்கள் அக்காவுக்குக் கிடைத்த பரிசு, அண்ணனுடைய பகிடி.

புத்தகம் வாங்கினால் போதும் என்கிறீர்கள். 1981இல் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறு பிரதி இல்லாத ஏடுகளும் அதில் போயின. எங்கள் பக்கம் 2009இல் எரிக்கவும் ஆள் தேவைப்படவில்லை. இடம்பெயரும்போது பிள்ளையைத் தூக்குவதா, அலுமாரியைத் தூக்குவதா?

ஐயா, மணியடிக்கக் கை போவது தெரிகிறது. ஒரு நிமிடம் தாருங்கள்.

போன வருடம் ஒரு அம்மா நூலகத்துக்கு வந்தார். வாசிக்க வந்தவர் இல்லை. "என்ர மகன் பள்ளிக்கூட மலரில ஒரு கட்டுரை எழுதினவன் பிள்ளை. 2004 எண்டு நினைக்கிறன். அது கிடக்குமோ?" மகன் 2009க்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

அலுமாரியில் அந்த மலர் இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் அக்கா தேடினார், அங்கும் இல்லை. பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் கேட்டுப் போட்டார். மூன்றாம் நாள் லண்டனிலிருந்து ஒருவர் போனில் படம் பிடித்து அனுப்பினார், 48 பக்கம். சில பக்கத்தில் அவருடைய பெருவிரலும் விழுந்திருந்தது. அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் நிமிர்த்தி, வெட்டி, உள்ளே எழுதியிருந்த பிள்ளைகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் யூனிகோடில் அடித்து வைத்தார். இனி யார் எந்தப் பெயரைத் தேடினாலும் வர வேண்டும் என்று.

அந்த அம்மா திரும்ப வந்தபோது மகனின் பெயரை அக்கா அடித்தார். வந்தது. 'எங்கள் வீட்டு மாடு', ஒரு பக்கம். அந்த அம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை. அண்ணன் இளக்காரம் பண்ணினாரே, அதே எலியைப் பிடித்து அக்கா எழுத்தைப் பெரிதாக்கினார். அந்த அம்மா திரைக்குக் கிட்டப் போய், விரல் வைத்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். நடுவில் நிறுத்தினார்.

"பாருங்கோ பிள்ளை, ரெண்டு கொம்பும் வளைஞ்சது எண்டு எழுதியிருக்கிறான். ஒண்டுதான் வளைஞ்சது. மற்றது நேர்."

மணி அடியுங்கள், ஐயா.