மால்வா: விரல் வைத்த பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு ஒரு களைச்செடியைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆங்கிலத்தில் மேலோ, தாவரவியலில் மால்வா. நீங்கள் பார்த்திராவிட்டாலும் பரவாயில்லை, அதன் சொந்தக்காரர்களை உங்களுக்குத் தெரியும். பருத்தி, செம்பருத்தி, வெண்டை எல்லாம் ஒரே குடும்பம். அந்தப் பெரிய குடும்பத்துக்கு மால்வேசி என்று பெயர் கொடுத்தது இந்தச் சின்னச் செடிதான்.

இதன் இலை கிட்டத்தட்ட வட்டம். காம்பு சேரும் இடத்திலிருந்து நரம்புகள் விசிறி மாதிரி பிரியும். ஓர் இலையைக் கசக்கி விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வெண்டைக்காய் நறுக்கும்போது கையில் ஒட்டுமே, அதே வழவழப்பு. பெயரைப் பற்றிய பேச்செல்லாம் இந்த வழவழப்பைத்தான் சுற்றி வருகிறது.

மால்வா என்பது லத்தீன். கிரேக்கத்தில் மலாக்கே. மிருது என்பதற்குக் கிரேக்கச் சொல் மலக்கோஸ். இலையில் பசை இருக்கிறது, வீக்கத்துக்குப் பற்றுப் போட்டார்கள், தின்றால் வயிற்றை இளக்கும். ஆகவே மால்வா என்றால் மிருதுவாக்கும் செடி. சரி, பொருத்தம் கச்சிதம். இவ்வளவு கச்சிதமாக அமைந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மொழியறிஞர் பலருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. மத்தியதரைக் கடலோரத்தில் முன்பே புழங்கிய ஏதோ ஒரு மொழியிலிருந்து கிரேக்கமும் லத்தீனும் தனித்தனியே வாங்கிக்கொண்ட சொல் இது என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் மிருது என்ற பொருள் பெயரோடு பிறந்ததல்ல. இலையைத் தொட்டவர்கள் பிறகு ஏற்றி வைத்தது. அகராதியைவிட விரல்தான் இங்கே அதிகம் வேலை செய்திருக்கிறது.

அரபுக்காரர்கள் இலையை விட்டுவிட்டுக் காயைப் பார்த்தார்கள். பொத்தான் அளவில் தட்டையான காய், வெட்டி அடுக்கிய துண்டுகள் போல விதைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கும். குபூஸ் என்றால் ரொட்டி என்று உங்களில் பலருக்குத் தெரியும். அந்தச் சொல்லிலிருந்தே செடிக்குக் குபைசா என்று பெயர். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு அதே காய் பாலாடைக்கட்டியாகத் தெரிந்தது, சீஸ் என்றார்கள். பசிக்கிற கண்ணுக்கு எல்லாம் தின்பண்டம்தான்!

அப்புறம் நிறம். பூ, கருநீலக் கோடுகள் ஓடும் இளம் ஊதா. பிரெஞ்சில் இந்தச் செடிக்கு மோவ் என்று பெயர். 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் லண்டனில் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். மருந்து வரவில்லை, ஊதாச் சாயம் வந்தது. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த அனிலின் என்ற வேதிப்பொருளில் பிறந்த அந்தச் சாயத்துக்குக் கடைசியில் நிலைத்த பெயர் மோவ். பூவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மார்ஷ்மேலோ மிட்டாய்க்கும் அதே கதைதான். மார்ஷ் என்றால் சதுப்பு நிலம். அங்கே வளரும் ஆல்தியா என்ற நெருங்கிய உறவுச் செடியின் வேர்ப்பசையை முட்டை வெள்ளையோடும் சர்க்கரையோடும் நுரைக்க அடித்துப் பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் அதைச் செய்தார்கள். ஆல்தியா என்ற பெயரே குணமாக்குதல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இன்றைக்குப் பாக்கெட்டின் பின்பக்கம் படித்தால் சர்க்கரை இருக்கும், பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். வேரைக் காணோம். அழுத்திப் பார்த்தால் மிருதுவாகத்தான் இருக்கிறது.

வணக்கம்.